கொலைக்குப் பின் வரும் காட்சி

(திருவனந்தபுரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செம்மைப்படுத்திய எழுத்து வடிவம். இடையில் சொன்ன கிளைச்செய்திகள் சில விடப்பட்டுள்ளன.)



சிலப்பதிகாரம் பற்றிப் பேசுங்கள் என்றுதான் என்னைக் கேட்டார்கள். ஆனால் இந்த ஊரில் வீட்டு முற்றத்திலும் கல்லூரி வளாகத்திலும் சட்டமன்றத்திலும் ஓயாமல் நடக்கும் ஒரு வழக்கை ஒதுக்கிவைத்துவிட்டுச் சிலம்பைப் பேச எனக்கு மனம் வரவில்லை. வெகுஜனப் பொழுதுபோக்கில், முக்கியமாகத் திரைப்படத்தில், குலைநடுங்க வைக்கும் காட்சிகள் எதுவரை போகலாம் என்பதே அந்த வழக்கு. அதைச் சிலம்பின் துணையோடு விசாரிக்கலாமா என்று கேட்டேன். நிர்வாகிகள் இசைந்தார்கள். அவர்களுக்கு என் நன்றி.

முதலில் விவரம். 2024 டிசம்பர் 20 அன்று ஹனீஃப் அதேனி இயக்கத்தில் உன்னி முகுந்தன் நடித்த மலையாளப் படமான 'மார்க்கோ' வெளியானது. வயதுவந்தோருக்கு மட்டும் என்ற 'ஏ' சான்று. இந்தியாவிலேயே மிக வன்முறையான படம் என்பதையே பெருமையாகச் சொல்லி விளம்பரம் செய்தார்கள். கேரளத்தில் ஓடியது, இந்தியில் வடக்கேயும் ஓடியது, நூறு கோடி வசூல் என்று தயாரிப்புத் தரப்பு அறிவித்தது. 2025 பிப்ரவரி 14 முதல் சோனி லிவ் தளத்தில் கிடைத்தது. பத்து நாள் கழித்து, பிப்ரவரி 24 அன்று, நம் மாவட்டத்து வெஞ்ஞாறமூட்டில் ஓர் இளைஞன் தன் உறவினர் உட்பட ஆறு பேரைக் கொன்றுவிட்டதாகச் சொல்லிக் காவல் நிலையத்தில் வந்து நின்றான்; ஐந்து பேர் இறந்திருந்தார்கள். மார்ச் முதல் வாரம் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சி உறுப்பினர் ரமேஷ் சென்னித்தலா எழுப்பிய விவாதத்தில் போதைப்பொருளோடு சினிமாவும் கூண்டில் ஏறியது. அதே மாதம், 'மார்க்கோ'வைத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பச் சான்று தர முடியாது என்று தணிக்கை வாரியம் மறுத்தது. இதுதான் வரிசை. இந்த வரிசையைப் பார்த்ததும் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று மனம் தானாகவே முடிச்சுப் போட்டுவிடுகிறது.

என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒரு கலை கொடுமையை எவ்வளவு காட்டுகிறது என்று அளப்பதில் பெரிய பயன் இல்லை. கொடுமை நடந்து முடிந்த பிறகு, மடிந்தவரோடும் மிஞ்சியவரோடும் அது எவ்வளவு பொழுது இருக்கிறது என்று அளக்க வேண்டும். இன்றைய வெகுஜனப் படத்தின் நோய் ரத்தம் கூடிப்போனதில் இல்லை, துக்கம் காக்கும் பொழுது பறிபோனதில் இருக்கிறது. இனி ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

1.

ஒரு படம் ஒரு கொலையைச் செய்வித்தது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. அப்படிச் சொல்கிறவர்களிடமும் நான் ஆதாரத்தைப் பார்க்கவில்லை. வெஞ்ஞாறமூட்டு வழக்கில் போலீசார் துருவியது கடன் சுமையை. ஒரு வீட்டின் கடனும், ஓர் இளைஞனின் தனிமையும், கேட்க ஆளில்லாத நிலையும் விசாரிக்கப்பட வேண்டிய இடத்தில் ஒரு சுவரொட்டியைக் கிழித்துவிட்டு நிம்மதியடைவது செத்தவர்களுக்குச் செய்யும் நியாயம் ஆகாது. ஆகவே இன்றைய பேச்சில் அந்தக் குற்றத்தையும் அந்தப் படத்தையும் நான் சேர்த்துக் கட்டப்போவதில்லை. படத்தைப் படமாகவே விசாரிப்போம். ஒருவரைக் கொலைகாரர் ஆக்கவில்லை என்பதாலேயே ஒரு படைப்பு குறையற்றது என்று ஆகிவிடாது.

2.

'முன்பெல்லாம் இப்படியா இருந்தது?' என்று கேட்கிறார்கள். இருந்தது. அதுவும் இதே ஊரில், பத்மநாப சுவாமி கோயிலைச் சுற்றி இருந்தது.

1758 முதல் 1798 வரை திருவிதாங்கூரை ஆண்ட கார்த்திகைத் திருநாள் ராம வர்மா, நாம் தர்மராஜா என்று சொல்லும் மன்னர், நாட்டிய இலக்கணமாகிய 'பாலராமபரதம்' எழுதியவர். அரங்கில் எதைக் காட்டலாம், எதைக் காட்டலாகாது என்ற விதியெல்லாம் அவருக்கு நன்றாகத் தெரியும். போரையும் மரணத்தையும் நகர முற்றுகையையும் நேரே நடித்துக் காட்டாமல் பாத்திரங்களின் வாய்மொழியாக அறிவித்துவிட வேண்டும் என்கிறது பரதரின் நாட்டிய சாத்திரம். அதைக் கற்ற அந்த மன்னர்தான் 'நரகாசுர வதம்' என்னும் கதகளி ஆட்டக்கதையையும் எழுதினார்.

அதில் நக்ரதுண்டி என்னும் அரக்கி இந்திரன் மகன் ஜயந்தன்மேல் ஆசைப்பட்டு அழகியாக உருமாறி வருகிறாள். அவன் மறுக்கிறான். அவள் சுயரூபம் எடுக்க, மூக்கையும் முலையையும் அறுத்துவிடுகிறான். அறுபட்ட அவள் நரகாசுரனிடம் முறையிட வரும் காட்சிக்குக் கதகளியில் நிணம் என்று பெயர். அரிசி, மஞ்சள், சுண்ணாம்பு எல்லாம் சேர்த்துச் செந்நிறக் குழம்பு செய்து வேடக்காரரின் உடம்பெங்கும் பூசி, சதை தொங்குவது போலக் கீற்றுகளை ஒட்டிவிடுவார்கள். அந்த வேடம் மேடைக்குப் பின்னாலிருந்து வராது. பந்த வெளிச்சத்தில் அலறிக்கொண்டு பார்வையாளர் நடுவே புகுந்து, தாங்கிப் பிடிக்கும் ஆள்களோடு, அரங்கை நோக்கி வரும். முன்வரிசைக் குழந்தைகள் தாயின் மடியில் முகம் புதைப்பார்கள். இன்றைய எந்தப் படத்தின் ரத்தமும் இவ்வளவு பக்கத்தில் வந்து பார்வையாளர்மேல் தெறிப்பதில்லை.

இந்தக் காட்சியின் பெண்வெறுப்பை நான் மூடி மறைக்கவில்லை. ஆசைப்பட்டதற்குத் தண்டனையாகப் பெண்ணின் உடலை அறுப்பது சூர்ப்பணகை காலத்திலிருந்தே நம் கதைகளில் படிந்துவிட்ட கறை. ஆனால் அந்த அரங்கு செய்யும் ஒரு காரியத்தைக் கவனியுங்கள். அறுபட்டவள் அரங்கை விட்டு மறைந்துவிடுவதில்லை. அறுபட்ட கோலத்தோடேயே திரும்பி வருகிறாள், நின்று, நிதானமாக, தனக்கு நேர்ந்ததைச் சொல்கிறாள். அவளைப் பார்க்காமல் அந்த இரவைத் தாண்ட முடியாது.

'துரியோதன வதம்' என்னும் ஆட்டக்கதை இன்னும் தெளிவான சாட்சி. துச்சாதனன் வயிற்றைக் கிழித்துக் குடலை உருவிய ரௌத்திர பீமன், அந்தக் குருதியால் பாஞ்சாலியின் கூந்தலை முடிக்கிறான். சபதம் நிறைவேறிவிட்டது. நம் காலத்துப் படமாக இருந்தால் அங்கே கைதட்டலோடு முடிந்திருக்கும். கதகளியில் அவன் வெறி தணிந்து, தான் செய்ததை உணர்ந்து, கண்ணன் முன் வந்து நிற்கிறான். கண்ணன் அவனைத் தேற்ற வேண்டியிருக்கிறது. வென்றவனுக்கே ஆறுதல் தேவைப்படுகிறது. இது பெரும்பாலும் விடியும் நேரத்தில் நடக்கும். இரவு முழுதும் விழித்திருந்தவர்கள் அந்தத் தளர்ந்த பீமனையும் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

3.

இப்போது சிலம்பு.

கோவலன் கொலை கொலைக்களக் காதையின் கடைசியில் வருகிறது. பொற்கொல்லன் திருடனின் தந்திரங்களை விரித்துச் சொல்லிக் காவலரைக் குழப்புவதற்கு இளங்கோ நிறைய இடம் கொடுக்கிறார். வெட்டுக்கு மட்டும் சில அடிகள்தான். கல்லாத குடிகாரன் ஒருவன் வாளை வீசுகிறான், உடல் குறுக்கே அறுபடுகிறது, குருதி பாய்கிறது, நிலமகள் துயருறுகிறாள், முடிந்தது. வெட்டியவனுக்குப் பெயர்கூட இல்லை. அதன் பிறகு காப்பியம் என்ன செய்கிறது? உடனே கண்ணகியை அரசவைக்கு அனுப்பிவிடவில்லை. ஆய்ச்சியர் குரவை வருகிறது: ஊரில் ஏதோ கேடு வரப்போகிறது என்று உணர்ந்த ஆயர்பெண்கள் குரவை ஆடுகிறார்கள், நமக்குத் தெரிந்தது அவர்களுக்குத் தெரியாது. பிறகு துன்பமாலை. பிறகு ஊர்சூழ் வரி: மாலைப் பொழுதில் கணவனின் உடலைக் கண்டு தழுவி அழுகிறாள். அதன் பிறகே வழக்குரை காதை. ஒரு சில அடிக் கொலைக்கு முழுமுழுக் காதைகளாகத் துக்கம். பாடம் நடத்தும்போது இந்த விகிதத்தை நாம் கவனிப்பதில்லை. வழக்குரை காதையின் ஆவேசத்துக்கு மாணவர்களை விரைந்து கூட்டிக்கொண்டு போய்விடுகிறோம். ஊர்சூழ் வரியைக் கடந்து வராதவர்களுக்கு அந்த ஆவேசம் வெறும் வசனமாகவே கேட்கும்.

மதுரையில் எரிந்த தீ, இந்த நகரத்தில் ஆண்டுதோறும் பொங்கல் அடுப்பாக எரிகிறது. ஆற்றுகால் பகவதி கோயிலின் பத்து நாள் உற்சவத்தில் கண்ணகி கதையைத் தோற்றம்பாட்டாகப் பாடுகிறார்கள். அங்கே கோவலனுக்குப் பாலகன் என்று பெயர். பாண்டியன் வதைபடும் பகுதி பாடி முடிந்ததும் பொங்காலை அடுப்பில் தீ மூட்டப்படுவது உலகம் அறிந்த காட்சி. நான் சொல்ல வருவது அதற்கு முந்தைய ஒரு காலைப் பொழுதை. பாலகனின் மரணம் பாடப்பட்ட துக்கத்துக்காக ஏழாம் உற்சவ நாளில் கோயில் நடையை வழக்கமான நேரத்தில் திறப்பதில்லை. விடிந்து, வெயில் ஏறி, ஏழு மணி வாக்கில்தான் திறக்கிறார்கள். எத்தனையோ நூற்றாண்டுக்கு முன் எழுதப்பட்ட கதைமாந்தன் ஒருவன் செத்ததற்காக, உயிரோடு இருக்கும் ஒரு நகரத்தின் கோயில் கதவு சாத்தியே இருக்கிறது. அதிகாலையில் குளித்துவிட்டு வந்த பெண்கள் வெளியே காத்திருக்கிறார்கள். யாரும் முறையிடுவதில்லை. கொலை பாடப்பட்டால் துக்கம் காக்க வேண்டும் என்பது அவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய செய்தி அல்ல.

என் கருத்து முழுவதும் அந்தச் சாத்திய கதவில் இருக்கிறது. வன்முறையை அவர்கள் மழுப்பவில்லை. கொலையும் உண்டு, பழியும் உண்டு, தீயும் உண்டு. நடுவில் ஒரு தாமதமும் உண்டு.

4.

'மார்க்கோ'வில் ஒரு குடும்பம் வீட்டுக்குள்ளேயே கொல்லப்படும் நீண்ட காட்சி இருக்கிறது. குழந்தைகள் உண்டு, கர்ப்பிணி உண்டு. அதை இங்கே விவரிக்க எனக்கு விருப்பமில்லை, பார்த்தவர்களுக்குத் தெரியும். என் கேள்வி, அடுத்து என்ன வருகிறது என்பது. அந்தக் குடும்பத்துக்காக அழ நமக்கு நேரம் தரப்படுவதில்லை. அவர்கள் செத்தது நாயகனின் கடைசிச் சண்டைக்கு எரிபொருள். அவர்கள் செத்த விதம் எவ்வளவு கொடூரமோ, அவ்வளவுக்கு அவன் வெட்டுவது இனிக்க வேண்டும் என்ற கணக்கு. குழந்தையின் மரணத்தைத் தாங்க முடியாதபடி காட்டுவதை நான் எதிர்க்கவில்லை. தாங்க முடியாத ஒன்றைக் காட்டிவிட்டு அதைத் தாங்கிக்கொள்ள ஒரு நிமிடமும் விடாமல் விசிலடிக்க அழைப்பதை எதிர்க்கிறேன்.

நகரத்துத் திரையரங்கு ஒன்றில், இதைப் போன்ற 'ஏ' சான்று பெற்ற ஒரு படத்துக்கு எட்டு வயது மதிக்கத்தக்க ஒரு பையனோடு ஒரு குடும்பம் எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது. வாசலில் யாரும் அவர்களைத் தடுத்ததாகத் தெரியவில்லை. வெட்டு விழும் இடங்களில் தகப்பனார் உள்ளங்கையால் பையனின் கண்ணைப் பொத்தினார். அக்கறையுள்ள மனிதர், தவறாமல் பொத்தினார். ஆனால் பையன் ஒவ்வொரு சத்தத்துக்கும் தோளைக் குறுக்கினான். எலும்பு நொறுங்கும் ஓசை, கத்தி இறங்கி வெளியே வரும் ஓசை, தொண்டையில் சிக்கும் மூச்சு. அதோடு சேர்த்து, சுற்றியிருந்த பெரியவர்கள் எழுப்பிய ஆரவாரமும் அவன் காதில் விழுந்தது. இன்றைய படத்தின் வன்முறை பாதிக்கு மேல் ஒலியில்தான் நடக்கிறது. ஒலி வடிவமைப்பாளர் அதற்காகவே உழைக்கிறார். ரத்தத்தை மங்கலாக்கச் சொல்லும் தணிக்கை, அந்த ஒலியை அப்படியே விட்டுவிடுவது வழக்கம். கண்ணை மூடியபடி ஒரு சண்டைக் காட்சியைக் கேட்டுப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

எல்லாப் படமும் ஒன்றல்ல. வெற்றிமாறனின் 'விசாரணை' 2015இல் வெனிஸ் விழாவில் காட்டப்பட்டு, மறு ஆண்டு இங்கே வெளியானது. மு. சந்திரகுமார் தன் சொந்த அனுபவத்தை எழுதிய 'லாக்கப்' நூலைத் தழுவியது. ஆந்திரத்துக் காவல் நிலையத்தில் தமிழ்க் கூலித் தொழிலாளிகளை அடிக்கும் அந்தக் காட்சிகளை விடக் கொடுமையானது தமிழில் குறைவு. ஆனால் அந்தப் படம் அடி விழுவதைவிட அதிக நேரம் அடிபட்டவர்களோடு லாக்கப் தரையில் கிடக்கிறது. வீங்கிய உடம்போடு ஒருவரையொருவர் தேற்றுவது, சாப்பிட மாட்டோம் என்று பிடிவாதம் பிடிப்பது, அடுத்து யாரைக் கூப்பிடுவார்கள் என்று கதவையே பார்ப்பது. அங்கே யாரும் விசிலடிக்கவில்லை. விசிலடிக்க இடமே இல்லாதபடி அந்தப் படம் கட்டப்பட்டிருக்கிறது.

பெரிய நட்சத்திரப் படத்திலும் இது முடியாத காரியம் இல்லை. 'லியோ'வில் (2023) காபிக் கடைக்குள் புகுந்தவர்களைக் கொன்ற பிறகு நாயகன் உடைந்து அழும் இடம் ஒன்று இருக்கிறது. விஜய் ரசிகர்கள் நிறைந்த கூட்டத்திலும் அந்த இடத்தில் சத்தம் அடங்கியதை நான் கேட்டேன். லோகேஷ் கனகராஜ் பிற்பாதியில் அந்த நடுக்கத்தை முழுதாகக் கைவிட்டுவிடுகிறார் என்பது என் வருத்தம். அந்தச் சில நொடிகளில் திறந்த கதவு பிறகு திறக்கவே இல்லை.

5.

மரபைத் துணைக்கு அழைக்கிறவன் மரபின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கலிங்கத்துப்பரணி நம்மிடம் இருக்கிறது. முதற் குலோத்துங்கனின் தளபதி கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்றதைப் பாடும் செயங்கொண்டார், போர்க்களத்தில் பேய்கள் பிணங்களைக் கொண்டு கூழ் அட்டுக் குடிக்கும் விருந்தை விரிவாக, சுவையோடு, சந்தம் துள்ளப் பாடுகிறார். இதில் துக்கத்துக்கு இடம் எங்கே? இல்லை. செத்த கலிங்கர் யாருடைய பிள்ளைகள் என்று பரணி கேட்பதில்லை. அரசவையில் வென்றவர் முன் பாடப்பட்ட பாட்டு அது. கொடுமையைக் கொண்டாட்டமாக்கும் கலைக்கு நம் மொழியில் இவ்வளவு பழைய, இவ்வளவு திறமையான முன்னோடி இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஒன்றே ஒன்று சொல்வேன்: அந்தக் கூழைச் சுவைக்கும் நாவை மனிதருக்குத் தராமல் பேய்களுக்குத் தந்திருக்கிறார் புலவர். அந்த எல்லைக்கோட்டையாவது அவர் காலத்தில் கவனமாக வைத்திருந்தார்கள்.

புறநானூற்றில் காக்கைபாடினியார் நச்செள்ளையாரின் பாட்டு வேறு விதம். புறமுதுகிட்டு மாண்டான் மகன் என்று கேள்விப்பட்ட முதுமகள் ஒருத்தி, வாளோடு களத்துக்குப் போய்ப் பிணங்களை ஒவ்வொன்றாகப் புரட்டித் தேடுகிறாள். சிதைந்து கிடக்கும் மகனைக் கண்டு, அவனைப் பெற்ற நாளைவிட மகிழ்கிறாள். அந்த மகிழ்ச்சி என்னை நடுங்கச் செய்கிறது. அதை வீரத்தாயின் இலக்கணம் என்று மேடையில் முழங்கும் பழக்கத்தை நான் எப்போதோ விட்டுவிட்டேன். ஆயினும் பிணத்தைப் புரட்டும் அந்தக் கிழவியின் கையை அந்தப் பாட்டு மறைக்கவில்லை. போரை வெட்டியவன் பக்கத்திலிருந்து பார்க்காமல், பிணங்கள் கிடக்கும் களத்தில் குனிந்து தேடுகிறவள் பக்கத்திலிருந்து பார்க்கிறது.

6.

சட்டம் என்ன சொல்கிறது? ஆச்சரியம் என்னவென்றால், சரியான அளவுகோல் சட்டத்திடம் முன்பே இருக்கிறது.

இயக்குநர் கே.ஏ. அப்பாஸ் தன் ஆவணப்படத்துக்கு 'யு' சான்று கேட்டுத் தொடுத்த வழக்கில் 1970இல் உச்ச நீதிமன்றம் தணிக்கையை ஏற்றது. ஆனால் தலைமை நீதிபதி ஹிதாயதுல்லா அதில் ஒரு நுட்பம் வைத்தார். பாலியல் வன்கொடுமையோ நோயோ ஒழுக்கக்கேடோ படத்தில் இடம்பெறுவது குற்றம் ஆகாது, அவற்றைப் படைப்பாளி கையாளும் விதத்தைத்தான் பார்க்க வேண்டும் என்றார். 'பாண்டிட் குவீன்' வழக்கில் 1996இல் அதே நீதிமன்றம், ஒரு பெண்ணை ஊர் நடுவே அவமானப்படுத்தும் காட்சி பார்ப்பவரிடம் இச்சையைக் கிளப்பாது, அவள்மேல் இரக்கத்தையும் அதைச் செய்தவர்கள்மேல் அருவருப்பையுமே எழுப்பும் என்று அதை அனுமதித்தது. 1991இன் தணிக்கை வழிகாட்டு நெறிகளும் படத்தை முழுமையாகப் பார்த்து முடிவுசெய்யச் சொல்கின்றன, காரணமற்ற வன்முறையைத் தவிர்க்கச் சொல்கின்றன.

நடைமுறையோ வேறு. இந்தக் காட்சியைப் பாதியாகக் குறை, அந்த ரத்தத்தை மங்கலாக்கு, கழுத்து அறுபடும் அண்மைக் காட்சியை எடு. அளவுகோல் நொடிக்கணக்கு. பாதியாகக் குறைக்கச் சொன்னால் படத்தொகுப்பாளர் எதை எடுப்பார்? நாயகனின் வீச்சை எடுக்க மாட்டார், அதற்குத்தான் டிக்கெட் விற்கிறது. விழுந்தவன் துடிப்பதை, அவன் கண் செருகுவதை, பக்கத்தில் நிற்பவர் முகம் வெளிறுவதை எடுப்பார். வலி போய்விடும், வீச்சு நிற்கும். வெட்டிய படம் வெட்டாத படத்தைவிடக் கொலையை இலேசான காரியமாகக் காட்டும். இந்த விபரீதத்தைத் தணிக்கைக் குழுக்கள் யோசித்துப் பார்க்க வேண்டும் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

2023 திரைப்படத் திருத்தச் சட்டம் 'யு/ஏ'வை ஏழு, பதின்மூன்று, பதினாறு வயது என்று பிரித்தது நல்ல மாற்றம். அதற்கு இரண்டு ஆண்டு கழித்து 'கூலி' வழக்கு வந்தது. 2025 ஆகஸ்ட் 14 அன்று 'ஏ' சான்றோடு வெளியான அந்த ரஜினிகாந்த் படத்துக்கு 'யு/ஏ' வேண்டும் என்று தயாரிப்பாளரான சன் குழுமம் சென்னை உயர் நீதிமன்றம் சென்றது. 'கேஜிஎஃப்', 'பீஸ்ட்' போன்ற படங்களுக்கெல்லாம் 'யு/ஏ' கொடுத்தீர்களே என்பது அவர்கள் வாதம். சில காட்சிகளை நீக்கினால் அது கிடைத்திருக்கும், அவர்கள்தான் நீக்காமல் வெளியிட்டார்கள் என்பது வாரியத்தின் வாதம். ஆகஸ்ட் 28 அன்று மனு தள்ளுபடியானது. தீர்ப்பில் எனக்குக் குறையில்லை. ஆனால் வழக்காடிய இரு தரப்பும் 'எவ்வளவு' என்பதையே பேசின. நாயகன் தன் குடும்பத்தார் கண்முன்னேயே ஒருவன் தலையைத் துண்டிக்கும் 'ஜெயிலர்' (2023) 'யு/ஏ'வோடு வந்ததும், அந்தக் காட்சிக்கு அரங்கில் குழந்தைகளும் சேர்ந்து கைதட்டியதும் நினைவிருக்கும். அங்கே ரத்தம் குறைவுதான். துண்டானது ஒரு தலை என்ற உணர்ச்சி அதைவிடக் குறைவு.

7.

தொலைக்காட்சிக்கு 'மார்க்கோ'வை மறுத்தார்கள். நடுக்கூடத்தில் பாட்டியும் பேரனும் சேர்ந்து உட்காரும் பெட்டியில் அது வராது. பேரனின் கையில் உள்ள போனுக்கோ அது 2025 பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் ஓடிடி தளங்களுக்கு வயது வகையையும், பெற்றோர் பூட்டையும், எந்த வகைக் காட்சி உண்டு என்ற குறிப்பையும் கட்டாயமாக்கின. பூட்டு இருக்கிறது, பூட்டுகிற வீடுகள் எத்தனை என்று இந்த அவையிலேயே கேட்டுப் பார்க்கலாம்.

அதைவிடவும் எனக்குக் கவலை தருவது முப்பது நொடித் துண்டுகள். முழுப்படத்தில் கொஞ்சமாவது முன்கதை இருக்கும், பெயருக்காவது ஓர் அழுகை இருக்கும். ரீல்ஸ் துண்டில் வீச்சு மட்டும் இருக்கிறது, பின்னணியில் ஒரு பாட்டு. யார் செத்தார் என்று தெரியாது, ஏன் என்று தெரியாது. விரலால் தள்ளினால் அடுத்து ஒரு சமையல் குறிப்பு. கொலை நடந்த வீட்டு வாசலில் நாள் முழுதும் நின்று பேசும் செய்தி அலைவரிசைகளும் ஏறக்குறைய இதையே செய்கின்றன. சாத்திய கதவுக்கு முன்னால் மௌனமாக நிற்கத் தெரிந்த அதே ஊரில்தான் இதுவும் நடக்கிறது.

8.

தடையை நான் கேட்கவில்லை. மூன்று கோரிக்கைகள் உண்டு. திரையரங்குகள் 'ஏ' சான்றின் வயது வரம்பை வாசலிலேயே நடைமுறைப்படுத்த வேண்டும், தகப்பனாரின் உள்ளங்கையை நம்பி விட்டுவிடக் கூடாது. ஓடிடிக்கு இருப்பது போல, என்ன வகைக் கொடுமை படத்தில் உண்டு என்ற குறிப்பு டிக்கெட்டிலும் சுவரொட்டியிலும் அச்சாக வேண்டும். தணிக்கை வாரியம் ஒரு படத்துக்கு ஏன் இந்தச் சான்று கொடுத்தது என்று காரணத்தைப் பொதுமக்கள் படிக்கும்படி எழுதி வெளியிட வேண்டும். காரணம் எழுத வேண்டிய கட்டாயம் வந்தால் நொடிக்கணக்கு தானாகவே பின்னுக்குப் போகும்.

மற்றது நம் கையில் இருக்கிறது, அதாவது விமர்சனம் எழுதுகிறவர்கள் கையிலும் மாணவர்கள் கையிலும். படம் எவ்வளவு 'ரா'வாக இருக்கிறது என்று வியந்து எழுதுவது ஒரு பாணியாகிவிட்டது. ரத்தம் அசலாக இருப்பது ஒப்பனைக் கலைஞருக்கு உரிய பாராட்டு. விமர்சகர் கேட்க வேண்டியவை வேறு.

இந்தத் துறையில் ஆய்வு செய்ய விரும்பும் மாணவர்களுக்கு ஒரு வேலையைச் சொல்கிறேன். கடந்த பத்து ஆண்டுகளில் வசூலில் முன்னே நின்ற மலையாள, தமிழ்ப் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கொலைக்கும் ஒரு வரி. செத்தவருக்குப் படத்தில் பெயர் இருக்கிறதா? வெட்டு விழுந்த பிறகு காட்சி அவர்மேல் எத்தனை நொடி நிற்கிறது? அவருக்காக அழ யாராவது இருக்கிறார்களா? அந்த அழுகை எவ்வளவு நேரம்? கொன்றவரின் முகத்தில் அடுத்து என்ன தெரிகிறது? பின்னணி இசை நின்றதா, ஏறியதா? 'விசாரணை'யையும் 'மார்க்கோ'வையும் ஒரே அட்டவணையில் வையுங்கள். அவற்றோடு கொலைக்களக் காதையையும், அதைத் தொடரும் காதைகளையும் அடி எண்ணிச் சேருங்கள். முடிந்தால் ஆற்றுகாலில் தோற்றம்பாட்டுப் பாடும் குடும்பத்தாரிடம் போய், பாலகன் செத்த பிறகு எவ்வளவு நேரம் பாடுகிறீர்கள், அந்த இடத்தில் தாளம் எப்படி மாறுகிறது என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். பொங்காலைக் கூட்டம் சேரும் முன்பே, உற்சவத்தின் முதல் நாளில் போனால் அவர்களுக்குப் பேச நேரம் இருக்கும்.